கொரிய வேதாகமத்தைக் கையால் எழுதிக் கொரிய மொழி படிப்பது: சில வருட அனுபவம்

கொரிய மொழியை வேதாகமத்தில் தொடங்க வேண்டாம். எழுத்து பழகி, அடிப்படை இலக்கணம் முடித்து, டோபிக் என்கிற கொரிய மொழித் தேர்வில் இரண்டாம் நிலை அளவுக்கு வந்த பிறகு எடுத்தால் அதைப்போல ஒரு பயிற்சிப் புத்தகம் கிடைப்பது கஷ்டம். அதுவும் சின்ன வயதிலிருந்து தமிழ் வேதாகமம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு. சில வருடங்களாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். வேலை ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியின் கொள்முதல் பிரிவில். ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, அதற்குப் பொருள் கொடுக்கும் கொரியக் கம்பெனிகளும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. இங்கே கொரிய மொழி நாலு வார்த்தை தெரிந்தவனுக்கு மீட்டிங்கில் கிடைக்கும் மரியாதையே வேறு. "பிடிஎஸ் பார்த்துத்தானே ஆரம்பிச்சே?" என்று அந்தக் கொரியப் பாட்டுக் குழுவைச் சொல்லிக் கேட்பவர்களுக்கு: ஆமாம், அதுவும்தான்.

எங்கள் பிரிவின் தலைவர், புஜாங்னிம் என்றுதான் கூப்பிடுவோம், ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய வேதாகமத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கருப்பு அட்டை, சுற்றிலும் ஜிப், புத்தகப் பெயர்கள் ஓரத்தில் படிப்படியாக வெட்டியிருக்கும், பின்பாதியில் பாட்டுப் புத்தகமும் சேர்த்தே தைத்திருக்கும். கொரியாவில் இப்படி ஒரே கட்டாகத்தான் நிறையப் பேர் வைத்திருப்பார்கள். தாள் மிக மெல்லியது. மார்க்கர் பேனா வைத்துக் கோடு போட்டால் அடுத்த பக்கத்தில் தெரியும், பென்சில்தான் சரி. அவர் கூடவே ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார்: பில்சா. வேதாகமத்தை ஒரு வரி விடாமல் நோட்டில் பார்த்து எழுதுவது. கொரிய விசுவாசிகளிடையே நன்றாக ஊன்றிப்போன பழக்கம். வயதானவர்கள் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை எழுதி முடித்து நோட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இதற்கென்றே அச்சடித்த நோட்டுகளும் அங்கே கடையில் உண்டு. எனக்கு நம் ஊர் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டே போதுமாக இருந்தது.

அவர் கொடுத்தது கேயொக்கேஜொங் மொழிபெயர்ப்பு. பழைய திருத்தப் பதிப்பை மறுபடி திருத்தி 1998-ல் வெளியானது. கொரியப் புராட்டஸ்டன்ட் சபைகள் பெரும்பாலும் பிரசங்க மேடையில் வாசிப்பது இதைத்தான். நடை பழையது. நம் வீட்டில் ஆச்சி வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்துக்கும் நாம் பேசும் தமிழுக்கும் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம். அதனால் நான் நடைமுறையில் மூன்று மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஆதியாகமம் முதல் வசனத்தின் கடைசி வார்த்தையை மட்டும் பாருங்கள். கேயொக்கேஜொங்கில் 'சாங்ஜொஹாஷினிரா'. செபொன்யொக் என்கிற புதிய மொழிபெயர்ப்பில் 'சாங்ஜொஹாஷ்யொத்தா'. ஊரிமால் சொங்கியொங்கில் 'சாங்ஜொஹாஷ்யொஸ்ஸும்னிதா'. மூன்றும் 'சிருஷ்டித்தார்'தான். முதலாவது இன்று வேதாகமத்துக்கு வெளியே யாரும் பேசாத முடிவு. இரண்டாவது பத்திரிகையும் அறிக்கையும் எழுதும் நடை. மூன்றாவது மீட்டிங்கில் எழுந்து நின்று பேசும் நடை. மூன்றிலும் நடுவில் ஒரு 'ஷி' ஒளிந்திருக்கிறது. செய்தவர் பெரியவர் என்று காட்டும் மரியாதை ஒட்டு அது. பாடப் புத்தகத்தில் இந்த ஒட்டுக்கு ஒரு பாடம்தான் ஒதுக்குவார்கள். இங்கே தேவனோ இயேசுவோ எழுவாயாக வரும் வாக்கியங்களில் எல்லாம் எதிரே வந்து நிற்கும். ஒரு சுவிசேஷம் எழுதி முடிப்பதற்குள் கை தானாகவே அதைச் சேர்த்துவிடும்.

என்னைக் கேட்டால் செபொன்யொக்கில் தொடங்குங்கள். காரணம் பக்தி இல்லை, பரீட்சை. டோபிக் இரண்டாம் தாளின் எழுத்துப் பகுதியில் 54-ஆம் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்துக்குள் கட்டுரை எழுத வேண்டும். அதற்கு 'தா' என்று முடியும் எழுத்து நடைதான் வேண்டும். வகுப்பில் பேசிப் பழகியவர்கள் அங்கே பேச்சு நடையின் முடிவான 'யோ' போட்டு மதிப்பெண் இழப்பார்கள். செபொன்யொக்கின் கதை சொல்லும் பகுதிகள் முழுக்க அந்த 'தா' நடையில் ஓடுவதால் எனக்கு அந்தச் சிக்கல் வரவே இல்லை. வாதம் செய்து எழுதுவது வேறு கலை, அதை மாற்கு சுவிசேஷம் கற்றுத் தராது; ரோமர் நிருபம் தரலாம், ஆனால் அந்த நீளமான வாக்கியங்களுக்குள் இறங்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. சொல்லுக்கு இடையே எங்கே இடைவெளி விடுவது என்கிற தலைவலியும் கையால் எழுதி எழுதியே பாதி தீர்ந்தது. செயலியில் பொத்தானைத் தட்டிப் படித்த காலத்தில் அது பிடிபடவே இல்லை.

தமிழ் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சலுகை உண்டு. கர்த்தருடைய ஜெபத்தின் முதல் வரி கொரியத்தில் 'ஹானுரே கெஷின் ஊரி அபொஜியொ'. வானம், 'இல்' உருபு, 'இருக்கிற' என்கிற பெயரெச்சம், எங்கள், பிதா, கடைசியில் விளியின் 'ஏ'. 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்பதை அப்படியே துண்டு துண்டாக எடுத்து அதே வரிசையில் வைத்தது போல இருக்கும். ஆங்கிலம் வழியாகக் கொரிய மொழி படிக்கும்போது வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த வேலையே நமக்குத் தேவையில்லை. நேராகத் தமிழிலிருந்து போகலாம். அடுத்த வரியில்தான் பாதை பிரிகிறது. நாம் 'உம்முடைய நாமம்' என்கிறோம். கேயொக்கேஜொங்கில் வெறும் 'நாமம்', 'ராஜ்யம்' என்றுதான் வரும். பெரியவரை நேருக்கு நேர் முன்னிலைப் பெயரால் அழைப்பதைக் கொரிய மொழி தவிர்க்கும். நம் 'நீர்' போல ஜெபத்துக்கென்று வசதியான சொல் அவர்களிடம் இல்லாததால், ஜெபிக்கும்போது 'கர்த்தர்' என்றும் 'பிதா' என்றும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆபீசிலும் இதே கதைதான்: மேலதிகாரியை 'நீங்கள்' என்று சொல்ல முடியாது, 'புஜாங்னிம்' என்று பதவியைத்தான் சொல்ல வேண்டும்.

எண்கள் இன்னொரு எதிர்பாராத லாபம். அதிகாரம், வசனம், பாட்டு எண் எல்லாம் சீன மொழியிலிருந்து வந்த எண்களில் சொல்லப்படும். அவர்களுடைய இப்போதைய பாட்டுப் புத்தகம் 2006-ல் வந்தது, அதில் 645 பாட்டுகள். ஆராதனையில் எண்ணை ஒருமுறைதான் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் திருப்பி முடிப்பதற்குள் நாமும் திருப்ப வேண்டும். இதில் பழகிய காது, மீட்டிங்கில் அளவையும் தேதியையும் கேட்கத் தடுமாறாது. மெட்டுகளில் பல நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் பாடுகிறவைதான் என்பதால் உச்சரிப்புக்கும் நல்ல பயிற்சி.

இனி குறைகள். பெரிய குறை, அன்றாடம் பேசும் 'யோ' நடை வேதாகமத்தில் கிட்டத்தட்ட இல்லை. கடையில், கேன்டீனில், வாட்ஸ்அப்பில் கொரியர்கள் பேசுவது அந்த நடையில்தான். இரண்டாவது, இயேசு சீடர்களிடம் பேசும் வசனங்கள் எல்லாம் பெரியவர் சிறியவரிடம் பேசும் நடை. 'நொஹுய்' என்று 'நீங்கள்' வரும், 'ஹாரா' என்று கட்டளை வரும். அதை எழுதிப் பழகிவிட்டு வயதில் மூத்தவரிடம் வாய் தவறிச் சொன்னால் அவ்வளவுதான். மூன்றாவது, சொற்கள். ஆயக்காரன், பாளயம், தகன பலி எல்லாம் கொரியத்தில் தெரிந்து வைத்துக்கொண்டு, 'பார்சல் லேட்டாகும்' என்று சொல்லத் தெரியாமல் நிற்பீர்கள். இதற்கு மருந்தாக மாதாமாதம் வரும் க்யூட்டி என்கிற தினத் தியானக் கையேடு ஒன்றையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு பகுதி, கீழே விளக்கம், யோசிக்க இரண்டொரு கேள்வி. விளக்கம் இன்றைய கொரியத்தில், வீடு, வேலை, பிள்ளைகள் என்று வருவதால் சொல் வளம் சமனாகும்.

ஆரம்பத்தில் பணம் கட்டி ஓர் ஆன்லைன் வகுப்பிலும் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பாதியில் ஆசிரியர் மாறினார், பாடம் மறுபடி அகர வரிசையிலிருந்து தொடங்கியது, அத்தோடு விட்டுவிட்டேன். நேரில் படிக்க நினைப்பவர்களுக்குச் சென்னை இன்கோ சென்டரில் கொரிய வகுப்புகள் உண்டு. என் ஷிஃப்ட்டுக்கு ஒரகடத்திலிருந்து போய்வர முடியாது என்பதுதான் பிரச்சினை.

பேச்சுப் பழக, முடிந்த மாதங்களில் சென்னையில் கொரியர்கள் கூடும் ஒரு சபைக்குப் போகிறேன். அங்கே எல்லாருக்கும் ஒரு பட்டம் உண்டு: போதகர் மொக்சானிம், போதகரின் மனைவி (நம் ஊர் ஐயரம்மா) சாமொனிம், மற்றபடி முக்கால்வாசிப் பேர் ஜிப்சானிம், அதாவது சபையில் ஊழியப் பொறுப்பு உள்ளவர். பட்டம் தெரிந்தால் பெயர் தெரியாமலே சமாளிக்கலாம். ஜெப நேரத்தில் 'ஜுயொ', அதாவது 'கர்த்தாவே', என்று மூன்று முறை உரக்கக் கூப்பிட்டு, பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். 1907-ல் பியொங்யாங்கில் நடந்த எழுப்புதலோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வரிசையாக எழுந்து உட்கார்ந்து பழகிய சிஎஸ்ஐ காரனுக்கு முதலில் திக்கென்றிருக்கும். மொழி படிக்க அந்த ஐந்து நிமிடம் சுத்தமாகப் பயன்படாது, ஒரு வார்த்தை காதில் விழாது. பிரசங்கம் பரவாயில்லை. பெயர்கள் கைகொடுக்கும்: யேசு, மொசே, பாவுல், யொஹான். பெயரைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கதை என்று தெரிந்துவிடும். கதை ஏற்கெனவே மனப்பாடம். ஆனால் உண்மையான வகுப்பு ஆராதனைக்குப் பிறகு வரும் சாப்பாட்டில்தான். 'தொ துசெயொ', இன்னும் சாப்பிடுங்க, என்று கிம்ச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். வேதாகமத்தில் கிடைக்காத 'யோ' அத்தனையும் அந்த மேசையில் கொட்டிக் கிடக்கும்.

விசுவாசத்துக்கு இது என்ன செய்தது என்று சபை நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டு விதமாகவும் செய்தது. மாற்கு நாலாம் அதிகாரத்தில் புயல் வரும்போது இயேசு படகில் தூங்குகிறார். செபொன்யொக்கில் அந்த வரியை எழுதும்போது 'கொமுல்' என்று ஒரு சொல், நேவர் என்கிற கொரிய இணைய அகராதியில் தேடினால் படகின் பின்பக்கம். தமிழில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று புரட்டினேன்: பின்னணியம். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை நடித்தே காட்டியிருக்கிறேன், அந்தச் சொல் அங்கே இருப்பதே தெரியாது. அடுத்த சொல் 'பெகே', தலையணை. அவ்வளவு பெரிய புயலில் ஒருவர் பின்பக்கம் போய்த் தலையணை வைத்துப் படுத்திருக்கிறார். அன்றைக்கு மேலே எழுத ஓடவில்லை. இன்னொரு பக்கம், சங்கீதம் 51-ஐ எழுதிக்கொண்டே அதிலுள்ள வினை முடிவுகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்த ராத்திரிகளும் உண்டு. பாவ அறிக்கை சங்கீதம் அது. அம்மாவிடம் போனில் சொன்னால், "ரெண்டும் நல்லதுதான், ஆனா அதுல பாதி மார்க்குக்காகப் பண்றே" என்றார்கள். சரி என்று பிரித்துவிட்டேன். காலையில் தமிழ் வேதாகமம், ஜெபம். நோட்டும் பேனாவும் கிடையாது. கொரிய எழுத்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அது வீட்டுப்பாடம். கொரியர்கள் விடியற்காலை ஐந்து மணிவாக்கில் கூடும் செபியொக் கிதோ என்கிற ஜெபத்துக்கு மட்டும் என்னால் முடியவில்லை. கம்பெனி பஸ் அதற்குள் வந்துவிடும்.

இன்னொரு சங்கதி, கொரியக் கிறிஸ்தவத்தின் தொடக்கமே எனக்கு இந்த வேலையில் ஒரு பிடிப்பைக் கொடுத்தது. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ராஸ், கொரியாவுக்கு வெளியே மஞ்சூரியாவில் இருந்துகொண்டு, கொரியர்களின் துணையோடு லூக்காவையும் யோவானையும் 1882-ல் அச்சிட்டார். புதிய ஏற்பாடு முழுவதும் 1887-ல். அமெரிக்க மிஷனரிகளான அண்டர்வுட்டும் அப்பென்செல்லரும் கொரியாவில் வந்து இறங்கியது 1885-ல்தான். படித்தவர்கள் சீன எழுத்தில் எழுதிய காலத்தில், சாதாரண ஜனங்களும் பெண்களும் வாசிக்கக்கூடிய ஹங்குல் என்கிற கொரியரின் சொந்த எழுத்தில் அது வந்தது. பார்த்து எழுதுவதற்கு ஹங்குல் எவ்வளவு சுலபம் என்பது நோட்டை எடுத்த முதல் வாரத்திலேயே தெரியும்.

செலவு ஒன்றும் பெரிதில்லை. புத்தகம் கையில் இல்லாவிட்டாலும் கொரிய வேதாகமச் சங்கத்தின் இணையதளத்தில் கேயொக்கேஜொங், செபொன்யொக் இரண்டையும் இலவசமாக வாசிக்கலாம். கத்தோலிக்க நண்பர்கள் ஒன்று கவனிக்கவும்: கொரியாவில் உங்கள் சபையில் கடவுளை 'ஹானுனிம்' என்பார்கள், இவற்றில் 'ஹானனிம்' என்றிருக்கும். புராட்டஸ்டன்ட்டுகளும் கத்தோலிக்கரும் சேர்ந்து செய்து 1977-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு உங்களுக்குப் பொருந்தும், அதுவும் அதே தளத்தில் இருக்கிறது. எதில் தொடங்குவது என்று கேட்டால் மாற்கு: வாக்கியம் குட்டை, சம்பவம் வேகம். அதற்கு அடுத்து ரூத், நாலே அதிகாரம், மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வது நிறைய. நீதிமொழிகளைத் தள்ளிப் போடுங்கள்; 31 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்று ஆசையாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நிற்பதால் முன்பின் பார்த்துச் சொல்லின் பொருளை ஊகிக்க வழியே இருக்காது.