ஸ்டோரேஜ் பெட்டியில் "எல்லா வசதியும் ஆன் பண்ணித் தர்றோம்"னு சொன்னா உஷாருங்க: 46,000 ரூபாய் போச்சு

திருப்பூர்ல சின்னதா ஒரு பிரிண்டிங் டிசைன் ரூம் வெச்சிருக்கேன். ஆல் ஓவர் பிரிண்ட், செஸ்ட் பிரிண்ட்டுக்கு கலர் செபரேஷன் போட்டுக் குடுக்கறது தொழில். பத்து வருஷ ஃபைல் மொத்தமும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியிலதான் (நெட்வொர்க்ல மாட்டி எல்லா சிஸ்டமும் ஃபைல் எடுக்கற டிஸ்க் பெட்டி), 2.6 டெராபைட். ரெண்டு டிஸ்க், ஒண்ணுல இருக்கறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும். 2019ல வாங்கின பெட்டி. இசட்எஃப்எஸ் (ZFS) ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வெக்கற முறை. ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. கொஞ்சம் வேகம் கம்மி, இடம் ரொம்பிட்டு வந்துச்சு, அவ்வளவுதான்.

கோயமுத்தூர்ல ஒரு சர்வீஸ் கடை. பேர் போடல. போன மாசம் அங்க போய் புதுப் பெட்டி கேட்டேன். அந்தத் தம்பி நல்லாத்தான் பேசுனாப்ல. டீ வாங்கிக் குடுத்து, பக்கத்துல உக்கார வெச்சு, ஸ்க்ரீன்ல காட்டினாப்ல. "புது டிஸ்க் எதுக்குங்ணா தண்டச் செலவு? உங்க டிஸ்க்கையே புதுப் பெட்டியில போட்டு, இதுல இருக்கற வசதி அத்தனையும் ஆன் பண்ணிர்றேன். டீடூப்னு ஒண்ணு இருக்குதுங்க. ஒரே மாதிரி ஃபைல் பத்து இருந்தா ஒண்ணா எண்ணிக்கும். உங்க டிசைன் எல்லாம் ஒரே டிசைனோட பத்து கலர் தானுங்களே, பாதி இடம் மிச்சம்." என்ற தொழிலைப் புரிஞ்சுக்கிட்ட பையன்னு நெனச்சேன். அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். "ஏதாச்சும் ஆச்சுன்னா பழசுக்குத் திரும்பிக்கலாமா தம்பி?"ன்னு கேட்டேன். கேக்காம இல்ல. "நான் இருக்கேனுங்ணா, நம்பி உடுங்க"ன்னாப்ல. பெட்டி, வேலைக் கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய், அங்கயே ஜிபே பண்ணினேன்.

அவங்க செஞ்சது என்னன்னு இப்பத்தான் தெரியுது. ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்புக்கு பூல்னு பேரு. மொதல்ல அந்த பூலை அப்கிரேட் பண்ணி புது வசதிக்கெல்லாம் வழி திறந்துட்டாங்க. டீடூப் போட்டாங்க. ஃபைலைச் சுருக்கி வெக்கற கம்ப்ரஷனை இசட்எஸ்டிடிங்கற (zstd) புது முறைக்கு மாத்தினாங்க. இந்த செட்டிங் எல்லாம் புதுசா எழுதற ஃபைலுக்குத்தான் பிடிக்கும்ங்கறதால, ஃபோல்டர் ஃபோல்டரா மொத்தத்தையும் திரும்ப எழுதி வெச்சாங்க. பெட்டியில ரேம் வெறும் 8 ஜிபி.

ஒரு வாரத்துல பெட்டி படுத்துருச்சு. ஒரு ஃபைல் திறக்க நாலு நிமிஷம். பழைய ஃபோல்டர் ஒண்ணை டெலீட் குடுத்தா மூணு சிஸ்டமும் அப்படியே நின்னுருது. அப்புறம் ஒரு பவர் கட். யூபிஎஸ் தாங்கல. திரும்பப் போட்டா விடிய விடிய பூல் திறக்கவே இல்ல.

ஃபோன் பண்ணினேன். "செட் ஆகுதுங்ணா, ரெண்டு நாள் பொறுங்க." ரெண்டு நாள் கழிச்சு, "உங்க நெட்வொர்க் ஒயர் சரியில்லைங்க." ஒயர் மாத்தினேன். "ரேம் பத்தாதுங்ணா, 32 போட்டுக்கலாம், தனியா ஆகும்." வாங்கும்போது ஏன் சொல்லலன்னு கேட்ட பொறவு ஃபோனை எடுக்கவே இல்ல. கடை நம்பர்ல ஒரு பொண்ணு, "சார் சைட்ல இருக்காருங்க." நேர்ல போய் நின்னேன். ஜாப் கார்டை எடுத்துக் காட்டறாங்க: "கஸ்டமர் கேட்டபடி எல்லா வசதியும்", கீழ என்ற கையெழுத்து. 46,000 ரூபாய் வாங்கறப்ப டீ, இப்ப ஒரு சேர் கூட இல்ல.

டிஸ்க்கைக் கழட்டி பழைய பெட்டியிலயே போட்டுப் பாத்தேன். ஏத்துக்க மாட்டேங்குது, ஆதரவில்லாத வசதி இருக்குன்னு வருது. மச்சான் பையன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கறான், அவன் வந்து பாத்துச் சொன்னான். இசட்எஸ்டிடி வந்ததே 2020 கடைசியில வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.0 பதிப்புல. பழைய பெட்டியில அதுக்கு முந்தினது. அந்தக் கம்ப்ரஷன் போட்ட டேட்டாசெட்டையே (பூலுக்குள்ள ஃபைல் இருக்கற பகுதி) அழிச்சாத்தான் அந்த வசதி விலகும். பத்து வருஷ ஃபைலை எப்படிங்க அழிக்கறது?

டீடூப் கணக்கையும் போட்டுக் காட்டினான். ஃபைலை 128 கேபி துண்டா வெட்டினா ஒரு டெராபைட்டுக்கு 80 லட்சம் துண்டு. ஒவ்வொண்ணுக்கும் 320 பைட் மாதிரி ஒரு குறிப்பு, அது ரேம்ல இருந்தாத்தான் வேகம். ஆகமொத்தம் டெராபைட்டுக்கு ரெண்டரை ஜிபி. எனக்கு ஆறரை ஜிபி, பெட்டியில ரேம் இருக்கறதே 8. இடம் எவ்வளவு மிச்சம் ஆச்சுன்னு பாத்தா டீடூப் விகிதம் 1.03, அதாவது 103 பங்கு ஃபைல் 100 பங்கு இடத்துல. நூத்துக்கு மூணு ரூபாய் கூட முழுசா இல்ல. ஒரு துண்டு முழுசும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தாத்தான் அது ஒண்ணா எண்ணும். லேயரைச் சுருக்கி சேவ் பண்ற டிசைன் ஃபைல்ல ஒரு கலரை மாத்தினாலே உள்ள எல்லாம் நகர்ந்துருது. கண்ணுக்குத்தான் அது ஒரே டிசைன். இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது காசு வாங்கினவங்க.

என்ன பாக்கணும்னு வரிசையா எழுதத்தான் உக்காந்தேன். ஆத்திரத்துல ஓடமாட்டேங்குது, தோணினதைச் சொல்றேன். டீடூப் போடலாம்னு யாராச்சும் சொன்னா, இசட்எஃப்எஸ் கூட வர்ற இசட்டிபி கமாண்ட்ல பெரிய எஸ் போட்டு (zdb -S) மாதிரிக் கணக்கை உங்க கண்ணு முன்னால ஓட்டச் சொல்லுங்க, ஒண்ணும் மாறாது, லாபம் உண்டா இல்லையான்னு மட்டும் காட்டும். அப்கிரேட் பண்ணறதுக்கு முன்னால செக்பாயின்ட், அதாவது பூல் மொத்தத்தையும் அந்த நிலைக்கே திருப்பறதுக்கான அடையாளம், எடுக்காம கை வெக்க விடாதீங்க. எடுத்திருந்தா நான் அன்னைக்கே திரும்பியிருப்பேன். டீடூப்பை ஆஃப் பண்ணினா ஏற்கெனவே எழுதினது மாறாது. லினக்ஸ்ல வர்ற ஈஎக்ஸ்டி4 (ext4) ஃபைல் சிஸ்டம் வெச்சிருக்கறவங்களும் பாத்துக்கங்க. லினக்ஸோட மையமான கெர்னலுக்குத் தெரியாத வசதி அதுல ஆன் ஆகியிருந்தா, சிலதுல படிக்க மட்டும் விடும், சிலதுல டிஸ்க் திறக்கவே திறக்காது. தனி டிஸ்க்ல இன்னொரு காப்பி இல்லாம எவர்கிட்டயும் பெட்டியைக் குடுக்காதீங்க.

46,000 ரூபாய். ரெண்டு வாரம் சனிக்கிழமை சம்பளம் அது. டிஸ்க்கைப் புதுப் பெட்டியிலயே திரும்ப மாட்டி, புதுசா ஒரு வெளி டிஸ்க் வாங்கி, அதுக்கு காப்பி ஓடிட்டு இருக்கு. நேத்து சாயங்காலம் போட்டது, இதை எழுதறப்ப 31 சதவீதம். பையரோட சாம்பிள் ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குதோ அது இன்னும் வரல.