ஜூலையில் எந்த ரிலீவரை வாங்குவது? சேப்மன், மில்லர், மான்ட்கமெரி: மூன்று ட்ரேடுகளின் கணக்கு

அமெரிக்க பேஸ்பாலில், 2016 ஜூலை 20-இலிருந்து 31-க்குள் மூன்று இடக்கை ரிலீவர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து பந்து வீசுபவர்கள்) ட்ரேடில், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில், கைமாறினார்கள். மைக் மான்ட்கமெரி சியாட்டில் மரைனர்ஸிலிருந்து சிகாகோ கப்ஸுக்கு வந்தார். அரோல்டிஸ் சேப்மன் நியூயார்க் யாங்கீஸிலிருந்து அதே கப்ஸுக்கு. ஆண்ட்ரூ மில்லரும் யாங்கீஸ்காரர்தான், அவர் போனது க்ளீவ்லண்டுக்கு. நவம்பர் 2 இரவு, கப்ஸும் க்ளீவ்லண்டும் மோதிய உலகத் தொடரின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தில் மூன்று பேருமே பந்து வீசினார்கள். ரிலீவர் ட்ரேடுகளை அலச இதைவிட நல்ல சோதனைக்கூடம் அமையாது. ஒருவர் வாடகை, ஒருவர் பல ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்தவர், ஒருவர் யாரும் கண்டுகொள்ளாத மலிவுச் சரக்கு.

வாடகை என்றால், சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்து வெளிச்சந்தைக்குப் போய்விடும் வீரர். சேப்மன் அந்த ரகம். அவர் கிடைத்தது ஆகஸ்ட், செப்டம்பர், பிறகு அக்டோபர் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு. அதற்கு கப்ஸ் கொடுத்தது நான்கு பேர்: க்ளேபர் டோரஸ், ஆடம் வாரன், பில்லி மெக்கின்னி, ரஷாட் க்ராஃபர்ட். மற்ற மூவரையும் விடுங்கள். டோரஸ் அப்போது 19 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்). 2018-இல் யாங்கீஸ் அணிக்குள் வந்து அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஆல்ஸ்டார் (சீசனின் சிறந்த வீரர்களுக்கான ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார், 2019-இல் 38 ஹோம் ரன், 2024 வரை அங்கேயே ஆடினார். இன்னொரு நஷ்டமும் உண்டு: சீசன் நடுவில் வாங்கிய வீரருக்கு 'குவாலிஃபையிங் ஆஃபர்' (ஒப்பந்தம் முடிபவருக்கு அணி முன்வைக்கும் ஓராண்டு ஒப்பந்தம்) கொடுக்க முடியாது. அதனால் அவர் போகும்போது ஈடாக ட்ராஃப்ட் தேர்வும் (புது இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கிடைக்காது. சேப்மன் அந்த டிசம்பரிலேயே 5 ஆண்டு, 8.6 கோடி டாலருக்கு யாங்கீஸுக்கே திரும்பிவிட்டார். வித்த கடைக்கே சரக்கும் போய்ச் சேர்ந்தது, விலையும் அங்கேயே தங்கியது.

(யாங்கீஸ் அவரை முதலில் சின்சினாட்டியிடம் மலிவாக வாங்கியதற்குக் காரணம் குடும்ப வன்முறைப் புகார். அதற்காக 2016 தொடக்கத்தில் 30 ஆட்டத் தடை அனுபவித்தார். அதைத் தள்ளுபடி விலையாக மட்டும் பார்த்த அணி நிர்வாகங்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த அலசல் பந்தைப் பற்றியது.)

மில்லரின் கதை வேறு. 2015 முதல் 2018 வரை 4 ஆண்டுக்கு 3.6 கோடி டாலர் ஒப்பந்தம். ஆண்டுக்கு 90 லட்சம் என்பது அந்தத் தரத்துக்குக் கொள்ளை மலிவு. க்ளீவ்லண்டுக்குக் கிடைத்தது இரண்டு மாதமல்ல, இரண்டரை சீசன். அதனால் விலையும் ஏறியது: க்ளின்ட் ஃப்ரேஸியர், ஜஸ்டஸ் ஷெஃபீல்ட், பென் ஹெல்லர், ஜே.பி. ஃபையரைசன். முதல் இருவரும் அந்த அணியின் உச்ச இளம் வீரர்கள்.

மான்ட்கமெரியும் உடன் ஜோர்டன் ப்ரீஸும் வந்ததற்குப் போனவர்கள் டேன் வோகல்பாக், பால் ப்ளாக்பர்ன். வோகல்பாக்கின் இடம் ஃபர்ஸ்ட் பேஸ். அங்கே அந்தோனி ரிஸ்ஸோ அசையாமல் நின்றார். கப்ஸுக்குப் பயன்படாத சொத்து அது, வித்தது புத்திசாலித்தனம். வேடிக்கை என்னவென்றால், வோகல்பாக் 2019-இல் ஆல்ஸ்டார், ப்ளாக்பர்ன் ஓக்லண்ட் போய் 2022-இல் ஆல்ஸ்டார். மில்லருக்காகப் போன நால்வரில் பெரிய பெயரான ஃப்ரேஸியர் யாங்கீஸில் கடைசிவரை நிலைக்கவே இல்லை. இளம் வீரர் பட்டியலின் வரிசை எண்ணைப் பார்த்து 'அதிகம் கொடுத்துவிட்டார்கள்' என்று அன்றே தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

வாங்கியவரை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் உண்மையான வித்தியாசம். நம் டெத் ஓவர் பந்துவீச்சாளர் மாதிரி, க்ளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் ரிலீவர்) என்றால் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் என்பது வழக்கம். க்ளீவ்லண்டில் கோடி ஆலன் ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தார். மேலாளர் டெரி ஃப்ராங்கோனா அவரை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்டம் எந்த இன்னிங்ஸில் முறியப் போகிறதோ அங்கே மில்லரை இறக்கினார். அது ஐந்தாவதாக இருந்தாலும் சரி, ஏழாவதாக இருந்தாலும் சரி. கார்லோஸ் கராஸ்கோவும் டேனி சலஸாரும் செப்டம்பரில் காயத்தில் விழுந்ததால் ஸ்டார்ட்டர்கள் பஞ்சம் வேறு. டொரோன்டோவுக்கு எதிரான லீக் இறுதித் தொடரில் மில்லர் 7⅔ இன்னிங்ஸ் (இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ⅔ என்றால் இரண்டு), 14 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வீழ்த்துவது), ஒரு வாக் (நான்கு தவறான பந்துக்குப் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்) கூட இல்லை. தொடர் நாயகன் அவரே. அந்த அக்டோபர் முழுவதுமாக 19⅓ இன்னிங்ஸில் 30 ஸ்ட்ரைக் அவுட்.

பலம் எதுவோ அதுவே பிறகு பலவீனமாகவும் ஆனது. உலகத் தொடர் முதல் ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸில் மில்லர் பேஸ்களை நிரப்பிக்கொண்டார் (மூன்றிலும் கப்ஸ் ஆட்கள்). பிறகு கேட்ச் ஒன்று, ஸ்ட்ரைக் அவுட் இரண்டு. கடைசியாக ஸ்லைடருக்கு (பக்கவாட்டில் விலகும் பந்து) வீழ்ந்தவர் கப்ஸின் டேவிட் ராஸ். அன்று இரண்டு இன்னிங்ஸுக்கு 46 பந்து. ஏழாவது ஆட்டத்தில் அதே ராஸ், வயது 39, ஓய்வுக்கு முந்தைய கடைசி ஆட்டம், அதே மில்லரின் வேகப்பந்தை சென்டர் ஃபீல்டுக்கு வெளியே அனுப்பினார். ஏழு ஆட்டத் தொடரில் ஒரே ரிலீவரை ஒரே பேட்டர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஸ்லைடர் எங்கே உடையும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். வழக்கமான சீசனில் இந்தப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. அதனால் ஆகஸ்ட் எண்களில் இது தெரியாது.

சேப்மனுக்கு நேர்ந்தது பழக்கமல்ல, களைப்பு. கப்ஸுக்காக 26⅔ இன்னிங்ஸில் இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் கணக்கில் விடும் சராசரி ரன்) 1.01, 46 ஸ்ட்ரைக் அவுட். அதுவரை கொடுத்த காசுக்கு மேலேயே வேலை நடந்தது. ஹெக்டர் ரொண்டோன், பெட்ரோ ஸ்ட்ரோப் இருவரும் சீசன் கடைசியில் காயப்பட்டுத் திரும்பியவர்கள் என்பதால் மேலாளர் ஜோ மேடனின் நம்பிக்கை சேப்மன் ஒருவர்மேலேயே குவிந்தது. கணக்கைப் பாருங்கள்:

அக்டோபர் 30, ஐந்தாவது ஆட்டம்: 42 பந்து, எட்டு அவுட்.
நவம்பர் 1, ஆறாவது ஆட்டம்: 7-2 முன்னிலையில் இறக்கி 20 பந்து.
நவம்பர் 2, ஏழாவது ஆட்டம்: 35 பந்து.

நான்கு நாளில் 97. இதில் புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருந்து தயாராகும் இடம்) சூடேற்ற எறிந்தவை சேராது. ஐந்தாவது ஆட்டத்தில் தவறே இல்லை, தோற்றிருந்தால் தொடரே முடிந்திருக்கும். ஆறாவதில் ஐந்து ரன் முன்னிலை இருக்கும்போது இறக்கியதை நியாயப்படுத்த முடியாது, ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் அனுப்பியதை இன்னும் முடியாது. ஏழாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒருவர் பேஸில், கப்ஸ் 6-3 முன்னிலை. க்ளீவ்லண்டின் ப்ராண்டன் கையர் டபுள் (இரண்டாவது பேஸை எட்டும் அடி) அடித்தார். அடுத்து ராஜாய் டேவிஸ், மட்டையின் பிடியை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, சுமார் 97 மைல் வேகத்தில் உள்ளே தாழ்ந்து வந்த பந்தை இடப்பக்கச் சுவருக்கு மேலே தூக்கினார். 6-6. நூறு மைலைச் சாதாரணமாகத் தாண்டும் கை அது. அதில் மூன்று நான்கு மைல் குறைந்தால் பேட்டர் தாமதமாகச் சுழற்றினாலும் பந்து மட்டையில் படும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கையர் டபுளில் வந்த ரன் சேப்மன் கணக்கில் ஏறவில்லை, அவருக்கு முன் வீசி, பேஸில் ஆளை விட்டுப்போன ஜான் லெஸ்டர் கணக்கில் ஏறியது. அதற்கும் மேலே, ஆட்டத்தின் 'வெற்றி' சேப்மன் பெயரில் பதிவானது. ரிலீவரை இஆர்ஏ, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்ததற்கான பதிவு), வெற்றி எண்ணிக்கை வைத்து எடைபோடுபவர்கள் இந்த ஒரு ஸ்கோர்கார்டைப் படித்தால் போதும்.

பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-6. கார்ல் எட்வர்ட்ஸ் ஜூனியர் இரண்டு அவுட் எடுத்து ஒரு ரன்னும் விட்டார். பிறகு வந்தவர் மான்ட்கமெரி. கர்வ்பால் (வளைந்து தாழும் பந்து), மெதுவான தரைப்பந்து, க்ரிஸ் ப்ரையன்ட் எடுத்து ரிஸ்ஸோவிடம் எறிந்தார். 108 ஆண்டுக்குப் பின் கப்ஸ் சாம்பியன். மான்ட்கமெரியின் பெரிய லீக் வாழ்க்கையின் முதல் சேவ் அதுதான். மூன்று ட்ரேடுகளில் மிக மலிவானது கடைசி அவுட்டை எடுத்தது. தற்செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்காவது, ஐந்தாவது நம்பகமான கை இல்லாத அணிக்கு அந்தத் தற்செயல்கூடக் கிடைக்காது.

'ஆண்டுகள் கையில் இருக்கும் ரிலீவரே லாபம்' என்ற பேச்சுக்கு வருகிறேன். மில்லர் 2017-இல் 62⅔ இன்னிங்ஸில் 1.44. அருமை. 2018-இல் தொடைத் தசை, முழங்கால், தோள் என்று வரிசையாகக் காயம்: 34 இன்னிங்ஸ், 4.24. ரிலீவரின் கை நீண்டகால முதலீடு அல்ல. மூன்றாவது ஆண்டுக்குக் கொடுக்கும் விலையில் பாதியையாவது கழித்தே பேச வேண்டும். அப்படிக் கழித்தால் சேப்மனுக்கும் மில்லருக்கும் இடையே உள்ள தூரம் பேச்சில் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை.

அதற்காக வாடகைதான் சரி என்றும் ஆகாது. 2025-இல் நியூயார்க் மெட்ஸ் வாங்கிய ரையன் ஹெல்ஸ்லியைப் பாருங்கள். 2024-இல் 49 சேவ் எடுத்தவர், 2025-இல் கைமாறும்வரை செயின்ட் லூயிஸில் இஆர்ஏ 3.00. மெட்ஸில் 7.20. எறியப்போவது வேகப்பந்தா ஸ்லைடரா என்பது அவருடைய அசைவிலேயே பேட்டர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கையுறையைப் பிடிக்கும் உயரம், பந்தைக் கையில் வைக்கும் நேரம் மாதிரியான சின்ன விஷயங்கள்தான் இப்படிக் காட்டிக்கொடுக்கும். திருத்த முடிந்த கோளாறு, ஆனால் திருத்த அவகாசம் வேண்டும். வாடகைக்காரருக்கு இருப்பது எட்டு வாரம். மெட்ஸ் சீசனின் கடைசி நாளில் ப்ளேஆஃப் வாய்ப்பை இழந்தது. ஹெல்ஸ்லி கைமாறிய அதே வாரத்தில் ஃபிலடெல்ஃபியா 2027 வரை கையில் இருக்கும் ஜோவன் டுரானை, மிக் ஏபல், எட்வார்டோ டைட் இருவரையும் கொடுத்து வாங்கியது. ஹெல்ஸ்லிக்கு வந்த கோளாறு டுரானுக்கு வந்திருந்தால் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சரிசெய்யலாம். கூடுதல் ஆண்டின் உண்மையான மதிப்பு என் பார்வையில் அதுதான்: கூடுதல் இன்னிங்ஸ் அல்ல, பழுதுபார்க்க நேரம். சான் டியேகோ, 2029 வரை இருக்கும் மேசன் மில்லருக்காக லியோ டி வ்ரீஸ் என்ற 18 வயது ஷார்ட்ஸ்டாப்பையே கொடுத்தது. இந்தக் கணக்கின்படி பார்த்தால் நான் அந்த விலையைக் கொடுத்திருக்க மாட்டேன். உடன் ஜேபி சியர்ஸ் வந்தாலும்.

வாங்குமுன் எதைப் பார்ப்பது? இஆர்ஏ இந்த வேலைக்கு உதவாது. 25 இன்னிங்ஸில் 5 ரன் விட்டவரின் இஆர்ஏ 1.80. ஒரே ஒரு மோசமான இரவு, ஒரு அவுட் எடுத்து 4 ரன் விட்டால் அது 3.20 ஆகிவிடும். ஆள் அவரேதான், கையும் அதேதான். பார்க்க வேண்டியது கடைசி முப்பது நாளின் சராசரி வேகம், முதல் பந்தே ஸ்ட்ரைக் ஆகும் விகிதம், வாக் விகிதம், பேஸில் ஏற்கெனவே ஆள் நிற்கும்போது வந்து எத்தனை பேரை ரன் எடுக்க விட்டார் என்பது. வேகம் ஏப்ரலைவிட ஒரு மைல் குறைந்திருந்தால் முழங்கை, தோள் அறிக்கையைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. 2020 முதல் ஒரு ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டருக்கு வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். அதனால் இடக்கை பேட்டருக்கு மட்டும் பயன்படும் இடக்கைக்காரருக்கு இன்று விலை இல்லை. வலக்கை பேட்டர்களிடம் அவர் எண் எப்படி என்பதைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

அடுத்த ஆட்டத்தில் யார் வருவார் என்று ஊகிக்க இதைவிடச் சுலபமான வழி உண்டு. இரண்டு அணிகளின் ரிலீவர்களும் கடந்த மூன்று நாளில் எறிந்த பந்துகளை ஒரு தாளில் எழுதுங்கள். நேற்று 25-க்கு மேல் எறிந்தவரைப் பெரும்பாலும் அழித்துவிடலாம். தொடர்ந்து இரண்டு நாள் வந்தவர் மூன்றாவது நாள் சந்தேகம். பிறகு அன்றைய ஸ்டார்ட்டர் வழக்கமாக எத்தனை இன்னிங்ஸ் தாங்குவார் என்று பாருங்கள். ஐந்துதான் என்றால் மீதி பன்னிரண்டு அவுட்டை எடுக்க அழிக்காத பெயர்கள் எத்தனை இருக்கின்றன? இரண்டே பெயர் மிஞ்சினால், எவ்வளவு பெரிய க்ளோசர் இருந்தாலும் அன்று ஆறாவது ஏழாவது இன்னிங்ஸில் அணி தடுமாறும்.

இந்தக் கேள்விதான் ட்ரேடையும் தீர்மானிக்க வேண்டும். இப்போது டெட்லைனுக்கு (ட்ரேடுக்கான கெடு) பிறகு ஆகஸ்டில் வேறு அணியின் வெய்வர் பட்டியலிலிருந்து (ஓர் அணி விட்டுவிட்டு, மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடியவர்கள்) ஆள் எடுக்கலாமே தவிர, பழைய மாதிரி பேரம் பேசி ட்ரேட் செய்ய 2019-இலிருந்து வழியில்லை. 26 பேர் பட்டியலில் பிட்சர் 13 பேர்தான். என் தேர்வு: உள்ளே நல்ல க்ளோசர் இருந்தால், இரண்டு ஆண்டுக்கு மிகாத ஒப்பந்தம் உள்ள ஓர் ஆண்ட்ரூ மில்லர் ரகம், கூடவே ஒரு மான்ட்கமெரி ரகம். க்ளோசரே இல்லாமல் நூறு வெற்றியை நோக்கிப் போகும் அணியென்றால் சேப்மன் விலையைக் கொடுக்கலாம், ஐந்து ரன் முன்னிலையில் அவரை இறக்காத மேலாளர் இருக்கும் பட்சத்தில். மலிவுக்காரரை எடுக்கும்போது அவருக்கு மைனர் லீக்குக்கு அனுப்பும் 'ஆப்ஷன்' மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், களைத்த புல்பென்னுக்கு ஒருநாள் புதுக் கை தேவைப்படும்போது அவரை வெய்வருக்கு விட்டுத்தான் இடம் காலி செய்ய முடியும், வேறு அணி எடுத்துக்கொண்டு போய்விடும்.