காற்று பார்க்க முள் கேஜா, டிஜிட்டல் கேஜா?

சென்னை வெயிலில் ஜிஎஸ்டி சாலையில் ஓடிவந்த டயரை அளந்தால், எந்த கேஜும் சில பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) கூடத்தான் காட்டும். காலையில் வண்டியை எடுக்குமுன் வீட்டிலேயே பார்ப்பதுதான் சரி. அதற்குச் சொந்தமாக ஒரு கேஜ் வேண்டும்.

டிஜிட்டலில் 32.5 என்று அரைப் புள்ளி வரை பளிச்சென்று தெரியும். ஆனால் பட்டன் பேட்டரி தீர்ந்தால் அவ்வளவுதான். டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் பொருளுக்கு இது பெரிய குறை.

முள் கேஜுக்கு பேட்டரியே வேண்டாம். உள்ளே வளைந்திருக்கும் உலோகக் குழாய் அழுத்தத்தில் கொஞ்சம் நிமிர, முள் நகரும். கீழே போட்டால் அளவு பிசகலாம். ரப்பர் உறை உள்ளதாக வாங்குங்கள். அப்புறம், டயல் 60 பிஎஸ்ஐ வரை இருந்தால் போதும். 100 வரை போனால் கோடுகள் நெருங்கி, 32க்கும் 33க்கும் வித்தியாசம் தெரியாது. நான் முள்ளைத்தான் எடுப்பேன்.