சோழமண்டலத்தில் ஒரு சுவர்: முதல் கண்காட்சி வைக்க நினைப்பவர்களுக்கு

கவின் கலைக் கல்லூரியில் படிக்கும் வரையில் மாணவர்கள் சுவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வகுப்பறை, தாழ்வாரம், ஆண்டு இறுதிக் காட்சி என்று படத்தை மாட்ட எங்கேனும் ஓர் இடம் இருந்துகொண்டே இருக்கும். பட்டம் பெற்று வெளியே வந்தவுடன் அந்தச் சுவர் இல்லாமல் போகிறது. வரைந்தவை வாடகை அறையில் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடக்கின்றன. கைப்பேசித் திரையில் மட்டும் பிறர் கண்ணில் படுகின்றன. ஆறடி அகலக் கான்வாஸை உள்ளங்கை அளவில் பார்ப்பவர் அதில் எதைப் பார்த்திருக்க முடியும்? இந்தக் கேள்வியோடுதான், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை, குறிப்பாக அங்கே வெளிக் கலைஞர்களுக்கு வாடகைக்கு விடப்படும் இண்டிகோ, லேபர்னம் ஆகிய இரு காட்சிக்கூடங்களை, இங்கே மதிப்பிட முற்படுகிறேன்.

கூடங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966-இல் நிறுவிய கிராமம் இது. அரசு கொடுத்த நிலமும் அன்று, செல்வந்தர் எழுதிவைத்த நிலமும் அன்று. ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருட்களும் செய்து, அவற்றைக் கண்காட்சி வைத்து விற்று, அந்தப் பணத்தைக் கூட்டுறவாகச் சேர்த்து வாங்கிய நிலம். படம் விற்காத காலத்திலும் ஓவியன் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்துவிடக் கூடாது, கைத்தொழில் சோறு போட ஓவியம் தன் போக்கில் வளர வேண்டும் என்பதே பணிக்கரின் எண்ணம். துணி வடிவமைப்பையும் உலோக வேலையையும் நுண்கலைக்குக் கீழே வைத்துப் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். வடிவமைப்புதான் இங்கே ஓவியத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தது.

அந்தத் தலைமுறையின் படைப்புகள் 2009-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளன. எழுத்துகளும் குறிகளுமாகப் பரவும் பணிக்கரின் பிற்கால ஓவியங்கள், பேனா மையால் கனவு நகரங்களை எழுப்பிய கே. ராமானுஜத்தின் நுணுக்கமான கோடுகள், ஜே. சுல்தான் அலியின் படங்கள், எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள் என்று, சென்னை ஓவிய இயக்கம் எனப்படும் அந்த நவீன ஓவியப் போக்கு என்ன செய்தது என்பதை ஒரே நடையில் பார்த்துவிடலாம். வெளியே மரநிழலில் பல நாட்டுச் சிற்பிகள் செதுக்கிய கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன. வாடகைக் கூடங்கள் இரண்டும் இந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன என்பதுதான் என் மதிப்பீட்டின் மையம். பணிக்கரைப் பார்க்க வந்தவர் வெளியேறும் வழியில், நேற்றுக் கல்லூரி முடித்த ஒருவரின் படத்தின் முன்னும் நிற்கிறார். அழைப்பிதழ் பெற்ற உறவினரும் நண்பரும் மட்டுமே வந்து போகும் கூடத்தில் இது நடக்காது. முன்பின் தெரியாத ஒருவர், எந்தக் கடமையும் இல்லாமல், உங்கள் படத்தின் முன் இரண்டு நிமிடம் நின்றால், இளம் கலைஞருக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

இதை ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு ஓர் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நகரின் நடுவே வேறொரு கூடத்தில், எனக்குத் தெரிந்த மாணவி ஒருவரின் முதல் தனிநபர் கண்காட்சிக்குத் துணையாக இருந்தேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதை முன்தொகை வாங்கிய பிறகே சொன்னார்கள். ஒட்டுநாடாவில் நிறுத்திய படங்களில் மூன்று முதல் இரவிலேயே விழுந்தன. ஒன்றின் கண்ணாடி உடைந்தது. விளக்குகள் ஒரு பக்கச் சுவருக்கு மட்டுமே இருந்தன. ஒரு வாரத்தில் வந்தவர்களின் பெயர்கள் பதிவேட்டின் மூன்று பக்கங்களைக் கூட நிரப்பவில்லை. அந்தப் பெண் அழவில்லை. படங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றும்போது பேசாமல் இருந்தாள். அது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆகவே, எந்தக் கூடத்தை எடுப்பதானாலும், வாடகை எத்தனை நாளுக்கு, படங்களை மாட்டும் நாளும் இறக்கும் நாளும் அதில் சேருமா, விற்பனையில் கூடத்துக்குப் பங்கு உண்டா, படம் சேதமானால் பொறுப்பு யாருடையது என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நேரில் போய் மாலை வெளிச்சத்திலும் ஒருமுறை சுவரைப் பாருங்கள். படத்துக்குச் சட்டம் போடும் செலவு பல சமயம் வாடகையை நெருங்கிவிடும்; நான்கைந்து பேர் சேர்ந்து குழுக் கண்காட்சியாக வைத்தால் சுமை குறையும், ஒருவருக்காக வருபவர் மற்றவர் படத்தையும் பார்ப்பார்.

சோழமண்டலத்திலும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. எழும்பூரிலிருந்தோ வடசென்னையிலிருந்தோ புறப்படுபவருக்குத் தூரம் ஒரு தடைதான். பெரிய சிற்பங்களைக் கொண்டுவர வண்டிச் செலவு ஏறும். வார நாட்களில் ஊர் அமைதியாக இருக்கும். காட்சியின் நாட்களுக்குள் இரண்டு வார இறுதிகளாவது வருமாறு தேதி வாங்குவது நல்லது. இவற்றைவிட ஆழமான குறை, நாட்டின் வாடகைக் கூடங்கள் அனைத்துக்கும் பொதுவானது: பணம் இருப்பவருக்கே முதலில் சுவர் கிடைக்கிறது. கும்பகோணத்திலோ மாமல்லபுரத்திலோ படித்துவிட்டு வரும் ஒரு சிற்பியின் பிள்ளைக்கு, வாடகை என்ற சொல்லே கதவை மூடிவிடும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. கொச்சி-முசிறி பினாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சி 2012-இல் தொடங்கியது. அதன் இரண்டாம் பதிப்பு நடந்த 2014-இலேயே கலைக் கல்லூரி மாணவர்களுக்கெனத் தனியாக மாணவர் பினாலே உருவாக்கப்பட்டது. பல மாநிலங்களின் மாணவர் படைப்புகள், அயல்நாட்டுப் பார்வையாளர்கள் நடமாடும் அதே ஊரில் வைக்கப்பட்டன. லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைஞர் அமைப்பு 1769 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் கோடைக் கண்காட்சியில், பெயர் பெற்ற உறுப்பினர்களின் படங்களுக்கு அருகிலேயே, விண்ணப்பித்துத் தேர்வான அறிமுகமில்லாதவரின் படமும் தொங்குகிறது. நம்முடைய கூடங்களும் ஆண்டில் ஒரு மாதத்தை, தேர்வுக் குழு அமைத்து, வாடகையின்றிப் புதியவர்களுக்கு ஒதுக்கலாம்; அந்த மாத இழப்பை ஈடுகட்ட ஒரு புரவலரைத் தேடுவது முடியாத காரியம் அன்று. கைத்தொழிலால் தாமே நிலம் வாங்கிக்கொண்ட ஓவியர்களின் ஊரில் இந்த முயற்சி தொடங்குமானால் அதற்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கும்.

இடம் தேடும் இளம் ஓவியர்களுக்கும், துணி, உலோகம், மண்பாண்டம் ஆகியவற்றில் வேலை செய்யும் வடிவமைப்பாளர்களுக்கும் இந்த வளாகத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பார்வையாளராகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திருவான்மியூரிலிருந்து கோவளம் பக்கம் போகும் பேருந்தில் இஞ்சம்பாக்கத்தில் இறங்கி, அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு நேரே வாசலுக்குப் போய்விடாதீர்கள். இரு கூடங்களிலும் யாருடைய படங்கள் மாட்டப்பட்டிருந்தாலும் உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டி, அதை எப்படி வரைந்தார் என்று கேளுங்கள்.