ஊட்டியில் கணினி வாங்கப் போகிறவர்களே, திரையின் வலது மூலையைப் பாருங்கள்: என் 11,500 ரூபாய் போன கதை

நேற்று இரவு ஊட்டியிலிருந்து வீடு திரும்பியதிலிருந்து தூக்கமில்லை. காலையில் இலை பறிக்க ஆட்கள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புதுக் கணினியில் ஒரிஜினல் இயங்குதளம் (கணினியை இயக்குகிற விண்டோஸ்) ஏற்றித் தருவதாகச் சொல்லி என்னிடம் 11,500 ரூபாய் வாங்கியவர்கள், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய 90 நாள் சோதனைப் பதிப்பை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் நடந்ததைச் சொல்கிறேன். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஊட்டியில் கணினி விற்பது, பழுது பார்ப்பது இரண்டும் செய்கிற கடை. அவ்வளவு போதும்.

எங்கள் ஊர் கட்டபெட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் தேயிலை. மகள் கல்லூரியில் இறுதியாண்டு. அவளுடைய திட்ட அறிக்கையைத் தட்டச்சு செய்ய ஒவ்வொரு முறையும் கோத்தகிரிக்கு ஓட வேண்டியிருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு, திரும்பி வர இருட்டு, மழை. சீட்டு எடுத்து 50,000 ரூபாய் சேர்த்தேன். ஜூன் 18ஆம் தேதி அந்தக் கடைப் படியேறினேன்.

கடைக்காரரை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் "எந்த ஊர் அண்ணா?" என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் தன் தாய்மாமன் வீடு அந்தப் பக்கம்தான் என்றார். இலை விலை என்ன போகிறது, தொழிற்சாலைக்காரர்கள் பணத்தை நிறுத்தி வைக்கிறார்களா என்று விசாரித்தார். பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். மகளிடம் என்ன பாடம், என்ன தலைப்பு என்று கேட்டுவிட்டு, "படிக்கிற பிள்ளைக்கு மட்டமான பொருள் கொடுக்க மாட்டேன் அண்ணா" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் அப்படிச் சொன்னால் எந்தத் தகப்பன் சந்தேகப்படுவான்?

ஒரு துண்டுச்சீட்டில் கணக்கு எழுதினார். கேபினெட், மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்து 38,500. இயங்குதளம் தனியாக 11,500. அது எதற்கு அவ்வளவு என்று கேட்டேன். "திருட்டுப் பதிப்பு வேண்டுமென்றால் 500 ரூபாய்க்கு ஏற்றித் தருவேன். ஆனால் ஒரு நாள் நின்றுவிடும், வைரஸ் வரும், பிள்ளையின் வேலை எல்லாம் போய்விடும். ஒரிஜினல் என்றால் ஆயுளுக்கும் கவலை இல்லை" என்றார். அவர் அன்று எதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தினாரோ, அதில் வைரஸ் ஒன்றைத் தவிர அத்தனையும் அவர் கொடுத்த பொருளாலேயே எங்களுக்கு நடந்தது.

பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம், 9,000 ரூபாய் கூடுதலாக ஆகும், எதற்கு வீண் செலவு, என் கையெழுத்துதான் பில் என்றார். சரி என்றேன். 9,000 ரூபாய் என்பது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அது தவறு என்று இன்று தெரிகிறது.

வேலை செய்கிற பையன் பென் டிரைவைச் செருகி, ஏதோ ஒரு விசையை விடாமல் தட்டி, அரை மணி நேரத்தில் இயங்குதளத்தை ஏற்றி முடித்தான். எங்கள் ஊரில் நெட் சரியாக வராது, கெட்டுப்போனால் நாங்களே மறுபடி ஏற்றிக்கொள்ள வட்டு வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். உறையில் போட்டு ஒரு டிவிடியைக் கொடுத்தார். அதன்மேல் மார்க்கர் பேனாவால் இயங்குதளத்தின் பெயர் எழுதியிருந்தது. "பூட் ஆகிற வட்டு அண்ணா, பத்திரமாக வையுங்கள், இதற்குத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். நானும் அதை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தேன்.

கிளம்பும் நேரத்தில் திரையின் வலது கீழ் மூலையில் மங்கலாக ஆங்கில எழுத்து தெரிவதை மகள்தான் பார்த்தாள். 90 நாள் லைசென்ஸ் என்று இருக்கிறதே, ஏன் என்று கேட்டாள். அவர் முகத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "அது கம்பெனிக்காரர்கள் சரிபார்க்கிற காலம் அம்மா. ஒரிஜினலுக்குத்தான் அப்படி வரும். 90 நாள் முடிந்ததும் தானாக நிரந்தரம் ஆகிவிடும்" என்றார். அவள் கேட்ட சரியான கேள்விக்கு அவர் சொன்ன இந்தப் பொய்யைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. குழந்தை கேட்டதே அண்ணா, அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே!

செப்டம்பர் 16ஆம் தேதியோடு 90 நாள் முடிந்தது. மறுநாள் காலை திரையின் பின்னணி கறுப்பாகிவிட்டது. சரியாக ஒரு மணி நேரத்தில் கணினி தானாக அணைந்தது. போட்டால் மறுபடி ஒரு மணி நேரம், மறுபடி அணைவு. அடிக்கடி சேமிக்க வேண்டும் என்று தெரிவதற்குள் அவள் தட்டச்சு செய்த பக்கங்கள் இரண்டு முறை போயின.

கடைக்குப் போன் செய்தேன். மின்சாரம் ஏறி இறங்கினால் அப்படித்தான் ஆகும், யுபிஎஸ் வாங்குங்கள் என்றார். பக்கத்து வீட்டு யுபிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தோம். அதே ஒரு மணி நேரம்தான். அடுத்த நாள் கேட்டால், மலையில் மழைக்காலம் அல்லவா, உள்ளே ஈரம் ஏறியிருக்கும், பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிடுங்கள் என்றார். எரியவிட்டோம். மூன்றாவது நாள் போனை எடுக்கவே இல்லை. நான்காவது நாள் மகளின் போனிலிருந்து அழைத்தபோது எடுத்து, கொண்டு வாருங்கள் என்றார்.

கேபினெட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கோணியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். மறுபடி போனேன். சர்வீஸ் சார்ஜ் 600 ரூபாய் என்றார்கள், கொடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் கறுப்புத் திரை இல்லை. மகளின் கோப்புகளும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். அழிக்கப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாத வேலை அது. பேராசிரியரிடம் காட்டுவதற்காகப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த முதல் இரண்டு அத்தியாயங்கள் மட்டும் தப்பின. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

வலது மூலையில் அந்த எழுத்து மறுபடியும் வந்திருந்தது. 90 நாள்.

ஆயுத பூஜை விடுமுறைக்குத் தங்கை மகன் வந்தான். கோவையில் கணினி படிக்கிறான். கணினியைப் போட்டு மூலையைப் பார்த்த மாத்திரத்தில் "மாமா, இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டான். 11,500 என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு சொன்னான். இது விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் எவாலுவேஷன். பெரிய நிறுவனங்கள் வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதற்காக மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே இலவசமாகக் கொடுக்கிற பதிப்பு. ஆயுள் 90 நாள். முடிந்தால் திரை கறுக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக அணையும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். தானாக நிரந்தரம் ஆகவே ஆகாது. மின்சாரமும் இல்லை, ஈரமும் இல்லை. கடைக்காரருக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்துதான் எங்களைக் குண்டு பல்பு எரியவிடச் சொன்னார்.

பீரோவிலிருந்து வட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைப் போடுவதற்குப் புதுக் கேபினெட்டில் இடமே இல்லை. வெளியே மாட்டுகிற டிரைவ் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கி வந்து, எதிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்று கேட்கிற பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தான். வட்டிலிருந்து எதுவும் ஏறவில்லை. உள்ளே பார்த்தால் மதர்போர்டு வேலை செய்வதற்கான டிரைவர் கோப்புகள் மட்டும் இருந்தன, இயங்குதளம் இல்லை. அவன் வட்டைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததைக் காட்டினான். 4.7 ஜிபி. விண்டோஸ் 11 நிறுவுகிற கோப்பு 5 ஜிபிக்கும் மேல், இதில் அது அடங்கவே அடங்காது மாமா என்றான். மேலே பேனாவால் எழுதியதைப் பார்த்து, மூன்று மாதம் வீட்டுப் பத்திரத்தோடு பூட்டி வைத்திருந்தேன்.

11,500 ரூபாய். கிலோ இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 575 கிலோ பச்சைத் தேயிலை. மழையில் தலைக்குச் சாக்கு போட்டுக்கொண்டு என் மனைவி பறித்த இலை.

நேற்று துண்டுச்சீட்டையும் வட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். டீயும் இல்லை, இலை விலை விசாரிப்பும் இல்லை. சீட்டைக் காட்டினேன். "இது எஸ்டிமேட் சார், பில் எங்கே?" என்றார். ஜூனில் அண்ணா, அக்டோபரில் சார். உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்றேன். கையெழுத்து விலை சொன்னதற்குத்தான், விற்றதற்கு இல்லை என்றார். வட்டைக் காட்டினேன். இதை எங்கே வாங்கினீர்களோ அங்கேயே கேளுங்கள் என்றார். டீ வாங்கி வந்த அந்தப் பையன் பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வாடிக்கையாளர் வந்ததும், ஓரமாக நில்லுங்கள், வியாபார நேரம் என்றார். அவரிடம் சத்தம் போட எனக்கு வரவில்லை. வந்திருந்தால் நேற்றே போட்டிருப்பேன்.

தங்கை மகன் இப்போதைக்கு ஒரு 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு என்ற வேறு இயங்குதளத்தை எடுத்து ஏற்றிக் கொடுத்திருக்கிறான். காசில்லாதது, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது, அணையவில்லை. மகள் மூன்றாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறாள்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். ஆட்கள் வந்துவிட்டார்கள், தோட்டத்துக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவு.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் இயங்குதளத்தின் பெயரும் விலையும் தனி வரியில் இருக்கட்டும்.

உரிமம் தனியாக விலைக்கு விற்கிறார்கள் என்றால் 25 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு உங்கள் கைக்கு வர வேண்டும். பேனாவால் எழுதிய வட்டு உரிமம் ஆகாது. கடையிலேயே செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போய்ப் பாருங்கள். எவாலுவேஷன் என்ற சொல் இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். வீட்டுக் கணினியில் எண்டர்பிரைஸ் என்று இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள், அது தனி ஆளுக்குக் கடையில் விற்கிற பதிப்பு இல்லை.

ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஊட்டியிலேயே இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை சீட்டு, வட்டு, போன் அழைப்புகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன். 11,500 ரூபாயும், அதன்மேல் வாங்கிய 600 ரூபாயும் திரும்ப வரும் வரை விடப் போவதில்லை.

கல்லூரி திறக்கும் நேரத்தில் ஊட்டியில் கணினி வாங்கியவர்கள் என்னைப் போல் இன்னும் பலர் இருப்பார்கள். இன்றே மூலையைப் பாருங்கள். அந்த எழுத்து இருந்தால் பிள்ளைகளின் கோப்புகளை எல்லாம் முதலில் பென் டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.