உப்புவெளியில் சைக்கிள் வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு: காற்றுப்போன ஒரு ரியூப்புக்கு 7,800 ரூபாய்

மே மாதம் முதல் செப்டம்பர் வரை திருகோணமலையின் கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான கரையோரம் முழுவதும் சைக்கிள் வாடகைத் தொழில் மும்முரமாக நடைபெறுகிறது. இத்தொழிலில் உள்ளவர்களில் பெரும்பாலோர் நேர்மையாக உழைப்பவர்கள் என்பதை இவ்வூர்க்காரன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் ஓகஸ்ட் விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து வந்திருந்த என் அக்கா குடும்பத்தினரிடம் ஓரிடத்தில் பணம் பறிக்கப்பட்ட விதம் தற்செயலானதாகத் தெரியவில்லை. பலரிடம் செய்து பழகிய கைவரிசையாகவே அது தெரிந்தது. அந்த இடத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. அங்கு கையாளப்பட்ட முறையை விளக்கமாக எழுதினால், அதே வித்தை வேறெங்கு நடந்தாலும் வாசிப்பவர்களுக்கு அடையாளம் தெரியும் என்பதே என் எண்ணம்.

சைக்கிள்களை எடுக்கும்போது பிணையாகத் தேசிய அடையாள அட்டை கேட்கப்பட்டது. நிழற்பிரதி தருகிறோம் என்று அத்தான் சொன்னதை ஏற்காமல், மூல அட்டையையே வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். வாடகைத் தொகை எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று தரப்பட்டது. அதன் பின்புறத்தில், ரயருக்கும் ரியூப்புக்கும் ஏற்படும் சேதம் அனைத்துக்கும் எடுத்துச் செல்பவரே பொறுப்பு என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே புறப்பட்டு, பொதுநலவாயப் போர் மயானத்தைக் கடந்து, வழியில் இளநீர் குடித்து, பிள்ளைகள் ஆரவாரம் செய்ய நிலாவெளியைத் தாண்டினோம். அந்த வீதி பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது, எனவே மிதிப்பதற்குச் சுகமானது. பத்து மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத்தான் உடம்பைக் காயவைத்துவிடும்.

இறக்கக்கண்டிப் பாலத்தை நெருங்கும்போது மூத்த மருமகளின் சைக்கிளில் பின்சக்கரம் தளர்ந்தது. வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. காற்று மெல்ல மெல்ல இறங்கிக் கடைசியில் ரிம் தரையில் தட்டியது. சேணத்தின் அடியில் ஒரு தொலைபேசி இலக்கமும், வெளியாரிடம் திருத்தினால் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற எச்சரிக்கையும் ஒட்டப்பட்டிருந்தன. ஆகவே அருகில் திருத்துபவரைத் தேடாமல் அந்த இலக்கத்துக்கே அழைத்தோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர், சக்கரத்தைக் கழற்றி, "தண்ணியில வச்சுப் பார்க்கணும் அண்ணன்" என்று சொல்லி, வீதியோரக் கடையொன்றின் பின்புறத்துக்கு அதைக் கொண்டு சென்றார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் என்ன செய்கிறார் என்பது தெரியவில்லை. திரும்பி வந்தபோது, ரியூப்பில் மூன்று ஓட்டைகள் இருப்பதாகவும், முள்ளுக்குள் ஓட்டியிருக்கிறோம் என்றும், ரயரும் பழுதாகிவிட்டதால் கடைக்குத் திரும்பியதும் அதை மாற்ற வேண்டும் என்றும் அறிவித்தார். புதியது என்று சொல்லி அவர் போட்ட ரியூப்பில் ஏற்கனவே ஓர் ஒட்டு இருந்ததை, அதைச் செருகுவதற்கு முன் நான் கண்டேன். பழைய ரியூப்பைத் தன் பையில் வைக்கப் போனபோது, பணம் கட்டுவது நாங்கள் என்றால் அதுவும் எங்களுக்கே உரியது என்று மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்படிக் கேட்கும் சமயோசிதம் அங்கிருந்த பெரியவர்கள் எவருக்கும் வரவில்லை.

மாலையில் உப்புவெளிக்குத் திரும்புவதற்குள் அந்த இரண்டாவது ரியூப்பும் காற்றிறங்கி இளகத் தொடங்கியிருந்தது. கடையில் நீட்டப்பட்ட கணக்கில் ரியூப் 1,800, ரயர் 3,500, திருத்துநரின் கூலியும் பயணமும் 1,500, வண்டி ஓடாத நாளுக்கான இழப்பு 1,000, ஆக மொத்தம் 7,800 ரூபாய் என்று இருந்தது. கேள்வி கேட்டதற்கெல்லாம் சிரித்த முகத்துடன் ஒரே பதில்தான் வந்தது: பணத்தைக் கட்டினால் இழுப்பறை திறக்கும். வவுனியா பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அட்டையை விட்டுவிட்டுப் போக முடியாது என்பது கடைக்காரருக்கும் தெரியும். பணத்தைக் கட்டினோம். பற்றுச்சீட்டு இல்லாமல் நகர மாட்டேன் என்று நான் நின்றதால், வேண்டாவெறுப்பாக, ஆனால் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே குறித்து, ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

மறுநாள் அந்த ரியூப்பை, நகரில் நீண்ட காலமாகச் சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தியவுடன் மூன்று இடங்களில் குமிழி வந்தது. மூன்று ஓட்டை என்பது பொய்யல்ல. ஆனால் அவை எங்கே இருந்தன என்பதில்தான் விடயம் அடங்கியிருந்தது. ஒரு ஓட்டை ரியூப்பின் உள்வளைவில், அதாவது ரயர்ப் பக்கம் அல்லாமல் ரிம்மைத் தொடும் பக்கத்தில், இருந்தது. அதைச் சுற்றி மிளகளவில் கறுத்துத் தேய்ந்த ஒரு வட்டமும் பதிந்திருந்தது. சக்கரக் கம்பிகளின் தலைகளை மூடி ரிம்மின் உட்புறம் சுற்றப்பட்டிருக்க வேண்டிய ரப்பர் பட்டி அறுந்தோ விலகியோ போனால், கம்பித் தலை நாள்தோறும் ரியூப்பை அரைத்து இத்தகைய தழும்பை உண்டாக்கும் என்று அவர் விளக்கினார். அது ஒரு காலைநேர ஓட்டத்தில் உண்டாகும் காயமல்ல. எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் எடுத்துச் சென்றவரால் தடுக்கவும் முடியாது. மாற்றிப் போட்ட ரியூப்பும் அன்றைக்கே இளகியதன் காரணத்தையும் இது விளக்குகிறது, ஏனெனில் பட்டியைச் சரிசெய்யாமல் எத்தனை ரியூப் போட்டாலும் அதே இடத்தில் அறுபடும்.

மற்ற இரண்டும் வெளிவளைவில், ஒரு விரலகலத்துக்குள், ஒரே பருமனில், வட்டமாகவும் சுத்தமாகவும் இருந்தன. பெரியவர் தன் பெட்டியிலிருந்து குத்தூசியை எடுத்து, எறியப்பட்டுக் கிடந்த வேறொரு ரியூப்பில் ஒரு குத்துக் குத்தி, இரண்டையும் பக்கத்தில் வைத்து, "பாருங்க தம்பி, நெருஞ்சி இப்பிடி அளவெடுத்துக் குத்துமா?" என்று கேட்டார். காற்றுக் குறைவாக ஓட்டிக் கல்லில் மோதினால் ரயருக்கும் ரிம்முக்கும் இடையில் ரியூப் நசுங்கி, இரண்டு கீறல்கள் பாம்பு கொத்தியது போல எதிரெதிரே விழும் என்றும், ஆனால் அவை வெட்டுப்போல நீண்டிருக்குமே தவிரத் துளைபோல இருக்காது என்றும் சொன்னார். முள் என்றால் ரயரின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ரியூப்பின் வால்வைச் சக்கரத்தின் வால்வுத் துளையோடு பொருத்திவைத்துப் பார்த்தால், ஓட்டைக்கு நேரே ரயரில் முள்ளோ அதன் தடமோ அகப்படும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், சக்கரம் நம் கண்முன்னே இருந்தால்.

கடைக்காரர் வெயிலையும் ஒரு காரணமாகச் சொல்லியிருந்தார். சைக்கிள்களை வெயிலில் நிறுத்தியதால் காற்று விரிந்து ரியூப் கிழிந்தது என்பது அவர் வாதம். 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்குக் காற்றடித்த சக்கரம் 30 பாகையிலிருந்து 50 பாகை செல்சியஸுக்குச் சூடேறினால், உள்ளே அழுத்தம் ஏறத்தாழ நான்கு பிஎஸ்ஐ மட்டுமே கூடும். நல்ல ரயரும் ரியூப்பும் அதனால் கிழிவதில்லை. உச்சிவெயிலில் சரிவர ஒட்டாத பழைய ஒட்டு இளகிக் கழன்றுவிடலாம், அது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட ஒட்டோடு வண்டியை வாடகைக்கு விட்டவர் யார் என்ற கேள்விதான் அங்கும் எழுகிறது.

ரியூப்பையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு மீண்டும் கடைக்குச் சென்றபோது, அதே சைக்கிள் வாசலில் அடுத்த வாடகைக்குத் தயாராக நின்றது. பழுதானது என்று சொல்லி 3,500 ரூபாய் அறவிடப்பட்ட ரயர் அதே சக்கரத்தில், அதே பக்கச்சுவர்ச் சிராய்ப்போடு இருந்தது. மாலையில் மருமகள் சைக்கிளுடன் நிற்பதை நாங்கள் எடுத்திருந்த படத்தில் அந்தச் சிராய்ப்புத் தெளிவாகத் தெரிந்ததால் மறுப்பதற்கு அவருக்கு வழி இருக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி ரிம் பட்டியைக் காட்டுமாறு கேட்டேன். அதற்கு மட்டும் கடைசி வரை இணங்கவில்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ரயருக்கான தொகையையும் இழப்பு என்று வாங்கிய ஆயிரத்தையும் திருப்பித் தந்தார். மிகுதி 3,300 ரூபாய் கூலிக்கும் ரியூப்புக்கும் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஒட்டுப் போடுவது எவ்வளவு எளிய வேலை என்பதை அறியாதவர்களிடம்தான் இந்தக் கணக்கு எடுபடுகிறது. ஓட்டையைச் சுற்றி அரத்தாளால் சொரசொரப்பாக்கி, சொலூசன் என்னும் ஒட்டுப் பசையை மெல்லிதாகப் பூசி, அது பளபளப்பு மாறி விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும் வரை சில நிமிடம் பொறுத்து, பிறகு ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு ஒட்டினால்தான் அது கழன்று வரும். ரயரைத் திரும்பப் போடுமுன் அதன் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, முறிந்த முள் நுனி எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு லீவர், ஓர் ஒட்டுப் பெட்டி, கையடக்கக் காற்றுப்பம்பு ஆகியவை ஒரு சிறிய பையில் அடங்கிவிடும். உதிரி ரியூப் கொண்டுபோவதானால் ரயரின் பக்கத்தில் எழுதியுள்ள அளவைப் பார்த்து வாங்குங்கள். 26 அங்குலம் என்று சொல்லப்படும் எல்லாச் சக்கரங்களும் ஒன்றல்ல: சாதாரண வீதிச் சைக்கிளின் 26 × 1⅜ வேறு, மலைச் சைக்கிளின் 26 × 1.95 வேறு.

இந்தப் பருவத்தில் இப்பக்கம் வருவோர், மூல அடையாள அட்டையைக் கேட்கும் இடத்தில் வண்டி எடுக்காமல் அடுத்த கடைக்குச் செல்லுங்கள். நிழற்பிரதியும் சிறு முன்பணமும் வாங்கிக்கொண்டு தருபவர்கள் இதே வீதியில் இருக்கிறார்கள். புறப்படுமுன் இரண்டு ரயரையும் சுற்றிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுப்போனால் யார் செலவு என்பதை உங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதி வாங்குங்கள். திருத்துபவர் சக்கரத்தை மறைவுக்குக் கொண்டு செல்ல முயன்றால் கூடவே செல்லுங்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. கழற்றிய ரியூப்பைக் கையை விட்டுவிடாதீர்கள். நகருக்குள்ளும் நிலாவெளிப் பக்கத்திலும் சில நூறு ரூபாய்க்கு உங்கள் கண்முன்னே வாளித் தண்ணீரில் காட்டி ஒட்டித் தரும் கைகள் உண்டு என்பதால், சேணத்தின் அடியில் உள்ள எச்சரிக்கைக்காக ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டியதில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். மிகுதித் தொகை தொடர்பாக அத்தானின் பெயரில் எழுத்துமூல முறைப்பாடு கொடுத்துள்ளோம். பற்றுச்சீட்டின் பிரதியும், மூன்று ஓட்டைகளையும் வால்வோடு சேர்த்து அளவுகோல் வைத்து எடுத்த படங்களும் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. ரியூப் என்னிடம் இருக்கிறது. அதே கடையில் இதே வகையில் பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டை வைத்திருந்தால், தனித்தனியே தங்கள் பெயரில் முறைப்பாடு கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.