கடவுளோடு கோபித்தவர்களைப் பற்றி ஆறு சனிக்கிழமைகள்

யாழ்ப்பாண நகரை ஒட்டிய ஒரு ரியூட்டறியின் மேல்மாடியில், உயர்தர மாணவர்கள் கலைந்து சென்ற பிறகு, சனிக்கிழமைகளில் மாலை 4.30 முதல் 6.30 வரை பெரியவர்களுக்கென ஒரு வகுப்பு நடைபெறுகிறது. மனிதர் சிலர் கடவுளை ஏன் மறுக்கின்றனர், வேறு சிலர் ஏன் வெறுக்கின்றனர் என்பதே அதன் பொருள். ஆறு வாரங்களுக்குக் கட்டணம் 3,000 ரூபா. பிளேன்ரீயும் வடையும் ஒளிப்பிரதிக் கையேடும் அதற்குள் அடக்கம். வகுப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய பெயரையும் இடத்தின் பெயரையும் இங்கு எழுதப்போவதில்லை. சொல்லவேண்டிய குறைகளும் உள்ளன, ஊரோ சிறியது.

நான் பணம் கட்டியதற்குக் காரணம் என் பெரியம்மா. 1996 இல் மகன் காணாமற் போனபின், சாமியறையில் இருந்த முருகன் படத்தை அவர் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார். இன்றுவரை அது அப்படியே இருக்கிறது. படத்தைக் கழற்றி எறியவுமில்லை, அதற்கு விளக்கு ஏற்றவுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அதன் முதுகுப்புறத்துத் தூசியைத் துடைக்கிறார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியவில்லை. நாத்திகம் அல்ல என்பது மட்டும் தெரிந்தது.

முதல் வகுப்பிலேயே நான் கட்டிய பணத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது. கடவுள் மறுப்பு மேற்கிலிருந்து வந்த சரக்கு என்ற நம் வழக்கமான எண்ணத்தை ஆசிரியர் அன்று ஒதுக்கிவைத்துவிட்டு, பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாடலை எடுத்தார். ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடி நிற்க, இன்னொருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இப்படியொரு உலகைப் படைத்தவனைப் புலவர் ‘பண்பிலாளன்’ என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுகிறார். அடுத்து வள்ளுவர்: பிறரிடம் இரந்துதான் ஒருவன் உயிர்வாழவேண்டும் என்றால், உலகை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்கிறார். முதல் அதிகாரத்தில் கடவுளை வாழ்த்தியவரே நூற்றேழாம் அதிகாரத்தில் இவ்வாறு சபிக்கிறார் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்கு அழுத்திச் சொன்னதில்லை. இரவச்சத்தை மனப்பாடம் செய்தோம், அதிலிருந்த சாபத்தைக் கவனிக்கவில்லை.

இவற்றுக்குப் பின் சுந்தரர் வந்தார். கண்பார்வை இழந்து, ஒரு கண்ணைக் காஞ்சியில் பெற்று, மற்றதற்காகத் திருவாரூர் வந்து நின்று, அடியார் தம் அல்லலைச் சொன்னாலும் வாளா இருக்கும் நீர் ‘வாழ்ந்து போதீரே’ என்று சிவனைப் பார்த்துப் பாடிய பதிகத்தை ஆசிரியர் பண்ணோடு படித்தபோது, எனக்கு முன் வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், “எங்கட ஆச்சி பேசுற மாதிரியெல்லோ கிடக்கு” என்று மெல்லச் சொன்னார். நன்றாயிரும், நீர் மட்டும் சுகமாயிரும் என்று மனம் கசந்து சொல்லும் அந்த வாழ்த்து நம் வீடுகளிலும் உள்ளதுதான். கோபிப்பதற்கு எதிரே ஒருவர் இருக்கவேண்டும். சுந்தரரின் கோபம் அவர் நம்பிக்கைக்குள்ளேயே நின்று எழுந்தது. பெரியம்மாவின் படத்துக்கு எனக்கு விளக்கம் கிடைத்தது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது வகுப்பு 1755 நவம்பர் 1 ஆம் திகதி லிஸ்பனில் நிகழ்ந்த பூகம்பத்தைப் பற்றியது. சகல புனிதர் திருநாளன்று காலை, தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் அவை இடிந்து விழுந்தன. பின் கடல் வந்தது, தீ வந்தது. எல்லாம் நன்மைக்கே என்று போதித்த ஐரோப்பியத் தத்துவத்தை பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேயர் கசப்போடு எதிர்த்தெழுதியது இதையடுத்தே. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையாகவும் நத்தாருக்கு மறுநாளாகவும் பௌர்ணமிப் போயா தினமாகவும் இருந்ததை ஆசிரியர் நினைவூட்டியபோது மண்டபத்தில் அசைவில்லை. வடமராட்சி கிழக்கிலிருந்து வந்த ஒருவர் எழுந்து வெளியே போய், தேநீர் வேளைக்குப் பின்னரே திரும்பி வந்தார். 1995 யூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மீது குண்டு விழுந்ததையும் இதே வரிசையில் வைத்துப் பேசியதை மட்டும் நான் ஏற்கவில்லை. பூகம்பத்துக்குக் கடவுளைக் கேட்கலாம். குண்டுக்கு முதலில் கேட்கவேண்டியது அதைப் போட்டவர்களை. இந்த வேறுபாட்டை ஒரு கேள்வியாகவேனும் அவர் எழுப்பியிருக்க வேண்டும்.

உளவியல் வகுப்பு ஏற்ற இறக்கமானது. அமெரிக்க உளவியலாளர் ஜூலி எக்ஸ்லைனும் உடன் ஆய்வாளர்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வுகளை அவர் தெளிவாக விளக்கினார்: துன்பத்தைக் கடவுள் வேண்டுமென்றே தந்தார் என்று கருதுவோரிடம் கோபம் கூடுதலாக இருக்கிறது, நம்பிக்கை அற்றவர்களிடமும், முன்னொரு காலத்தில் இருந்த கோபமோ, கற்பனை செய்து பார்க்கும் கடவுள்மீதான கோபமோ காணப்படுகிறது. இதுவரை நல்லது. பின்னர் அவர் போல் விட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர் 1999 இல் முன்வைத்த கருத்துக்குப் போனார். தந்தையை இழந்தோ தந்தையால் புண்பட்டோ வளர்ந்தவர்கள் பரமபிதாவையும் மறுக்கிறார்கள் என்பதும், தத்துவவாதிகளான நீட்சேயும் ஹியூமும் சார்த்தரும் குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தவர்கள் என்பதும் அக்கருத்தின் சாரம். நீட்சேக்கு அப்போது வயது நான்கு என்பது உண்மைதான். ஆனால் யுத்தத்தில் தகப்பனை இழந்த எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்து, நல்லூர்த் திருவிழாவில் காவடி எடுப்பதையும் தேர்வடம் பிடிப்பதையும் ஆண்டுதோறும் பார்க்கும் ஊரில், இந்தக் கொள்கையைச் சந்தேகமின்றிச் சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? தகப்பன் இல்லாத வீட்டில் சாமிதான் தகப்பன் என்று வளர்ந்தவர்களை நான் அறிவேன்.

சாதி பற்றிய வகுப்பே எனக்குப் பெரும் ஏமாற்றம். 1924 இல் கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தையும், அதில் பங்கேற்றுச் சிறை சென்ற பெரியாரின் கடவுள் மறுப்பு சாதி எதிர்ப்பிலிருந்து பிரிக்கமுடியாதது என்பதையும் விரிவாகச் சொன்னவர், துவிச்சக்கரவண்டியில் போய்வரக்கூடிய தூரத்திலுள்ள மாவிட்டபுரத்தைத் தொடவேயில்லை. 1968 இல் அந்தக் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசம் கேட்டு நின்றவர்களோடு இடதுசாரிகளும் நின்றார்கள். கதவை மறித்தவர்கள் பக்தர்கள். வாசலில் மறிக்கப்பட்டவனுக்கு, மறித்தவன்மீது வரும் கோபம் உள்ளே இருப்பவரையும் சென்றடையாதா? கடவுள் வெறுப்பைப் பற்றி யாழ்ப்பாணத்தில் வகுப்பு எடுப்பவர் இதை விட்டுச்செல்வது, கேட்போரின் முகம் கோணாமல் இருக்கவேண்டும் என்ற அச்சத்தால்தான் என்று எனக்குப் படுகிறது. எங்களுள் சிலருடைய முகங்கள் கோணியிருக்கும் என்பதும் உண்மை.

ஐந்தாவது வாரம் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம். பிற மதங்களை மறுக்கும் அந்நூல், கடவுளை ஏற்காத உலகாயதத்திலிருந்து தொடங்குகிறது. மறுப்பதற்கு முன், எதிராளியின் கருத்தை அவன் பக்கம் நின்று சொல்லிவிடுகிறது. இந்த நேர்மையை ஆசிரியர் மனமாரப் புகழ்ந்தார். அரைமணி நேரம் கழித்துப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுந்து, “சேர், எனக்கு ஒருத்தரிலயும் கோவமில்லை, ஒரு இழப்பும் இல்லை, ஆதாரம் காணேல்லை, அதால நம்பேல்லை” என்றார். “அடி விழேக்க தெரியும் தம்பி” என்பது பதில். மண்டபம் சிரித்தது, நான் சிரிக்கவில்லை. உலகாயதனுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிடைத்த மரியாதை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. மறுப்பு எல்லாமே ஆறாத புண்ணின் சீழ் என்று பார்ப்பதுதான் இந்த வகுப்பின் அடிப்படைப் பிழை. கோபிப்பவருக்குக் கடவுள் தேவைப்படுகிறார்; அந்த மாணவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவே. இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி ஒரே மருந்தைக் கொடுத்தால் இருவருக்கும் அது பொருந்தாது. ஆறாவது வாரம் அந்த மாணவர் வரவில்லை.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாற்பது பேருக்கு இரண்டு மின்விசிறிகள்; ஒன்று சுற்றும். கையேட்டின் நான்காம் பக்கம் எல்லாப் பிரதிகளிலும் தலைகீழாக இருந்தது. வடை நன்று. நுளம்புக்கு நீங்களே ஏதேனும் பூசிக்கொண்டு போகவேண்டும்.

இழப்போடு இருப்பவர்கள் முதல் இரண்டு வகுப்புகளுக்காகவே 3,000 ரூபாவைக் கொடுக்கலாம். நம்பிக்கை இல்லாத இளையவர்களை நான் இப்போதைக்கு அனுப்பமாட்டேன். அடுத்த தொகுதிக்குப் பெரியம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று அவரிடமே கேட்டேன், சுந்தரரின் கதையையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, மற்றக் கண் அவருக்குக் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். “அப்ப அவருக்குப் பாடலாம்தானே” என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.